ஆக்சிலியா தரையில் படுக்கிறாள்

சஸ்பென்ஷன் என்று ஒன்று உலகத்தில் கிடையாது. இதைக் கண்டுபிடித்தவன் நான்.

சக்கரத்துக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு ஸ்பிரிங் இருப்பதையும், ஸ்பிரிங்குக்கு உள்ளே எண்ணெய் அடைத்த ஒரு குழாய் இருப்பதையும் நான் மறுக்கவில்லை. கண்ணால் பார்த்திருக்கிறேன். செமஸ்டர் தேர்வில் படம் வரைந்து பாகங்களைக் குறித்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் வண்டி கவிழ்வதற்கும் கவிழாமல் இருப்பதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஓட்டுகிறவனுக்குக் கை சுத்தமாக இருந்தால் கட்டைவண்டியும் பறக்கும். கை சரியில்லாதவர்கள் ஒன்றுகூடி, தங்கள் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்துகொண்ட ஏற்பாட்டுக்குத்தான் சஸ்பென்ஷன் என்று பெயர். மனிதகுலம் இதை ஏற்றுக்கொள்ளக் கொஞ்சம் காலம் பிடிக்கும். எனக்கு அவசரம் இல்லை.

என் பெயர் கார்முகில். வீடு கோவில்பத்தில். மெக்கானிக்கல் மூன்றாம் வருடம். எங்கள் கல்லூரியின் ரிமோட் கார் அணிக்கு ஓட்டுநர். அணி என்றால் மூன்று பேர், ஒரு கார். கார் முழங்கை நீளம் இருக்கும். பேட்டரியில் ஓடும். நாலு சக்கரத்திலும் முள்ளு முள்ளாக ரப்பர், முதுகில் ஒரு இறக்கை. மேடு பள்ளத்தில் ஓடிக் குதிப்பதற்கென்றே செய்த சாதி. முழு வேகத்தில் விட்டால் காரைக்கால் பஸ் ஸ்டாண்டிலிருந்து புறப்படுகிற எந்தப் பேருந்தையும் முந்தும். அந்தப் பேருந்துகளில் போய்ப் பழகியவர்களுக்கு இது பெரிய சாதனையாகத் தெரியாது.

அணியில் இரண்டாவது ஆள் ஆக்சிலியா. என் வகுப்புதான். அவள் அப்பா ஆரோக்கியஜோசப் டவுனில் சர்ச்சுக்குப் பக்கத்தில் ஃபிரிட்ஜ், ஏசி ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். கடையும் வீடும் ஒன்றுதான். எந்நேரமும் அங்கே ஏதாவது ஒன்று வயிறு திறந்து கிடக்கும். அப்படியே வளர்ந்ததால் மூடியிருக்கிற எதையும் பார்த்தால் ஆக்சிலியாவுக்குப் பொறுக்காது. காரின் ஷாக்குகளை, அதாவது அந்த எண்ணெய்க் குழாய்களைக் கழற்றுவது, எண்ணெய் மாற்றுவது, பூட்டுவது, மறுபடி கழற்றுவது எல்லாம் அவள் இலாகா.

மூன்றாவது ஆள் சாதிக் பாட்சா. எலக்ட்ரிகல் இரண்டாம் வருடம். பேட்டரி சார்ஜ் போடுவான். கார் ஓட்டவும் தெரியும். அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தால் பதில் சொல்லிவிடலாம். சொல்லிக்கொள்ளவே மாட்டான். எனக்கு எரிச்சலே அதில்தான்.

ஆக்சிலியாவின் வேலைமுறையை நான் விவரிக்க வேண்டும். ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் தளம் இருக்கிறது. அவள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி முடிந்துகொண்டு அங்கே குப்புறப் படுப்பாள். ஒரு கன்னத்தைத் தரையில் வைப்பாள். எட்டி ஒரு கையால் காரைக் கணுக்கால் உயரத்துக்குத் தூக்கி, விட்டுவிடுவாள். கார் பொத்தென்று விழும். அவள் பார்ப்பாள். எழுந்து ஷாக்கில் இருக்கிற வளையத்தைக் கொஞ்சம் திருப்புவாள். மறுபடி படுப்பாள், தூக்குவாள், விடுவாள், பார்ப்பாள். ஒரு மாலைப்பொழுது முழுக்க இது நடக்கும். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் தூரத்தில் நின்று, யாருக்காவது தகவல் சொல்ல வேண்டுமா என்று யோசிப்பார்கள்.

ஏன் படுக்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன்.

“கண்ணு மேல இருந்தா கார் விழுறது மட்டுந்தான் தெரியும். கண்ணு கீழ இருந்தாத்தான் விழுந்ததுக்கு அப்பறம் என்ன பண்ணுதுன்னு தெரியும்” என்றாள்.

விழுந்த பிறகு அது என்ன செய்யும், அழுமா என்று கேட்டேன். விழுந்த கார் ஒருதடவை அமுங்கி, அப்படியே நிமிர்ந்து நிற்க வேண்டுமாம். பந்து மாதிரி எகிறினால் ஷாக்கில் எண்ணெய் நீர்த்திருக்கிறதாம். அமுங்கினது எழும்பாவிட்டால் எங்கேயோ பிடிக்கிறதாம். பொறுமையாகத்தான் சொன்னாள். ஒரு நல்ல மாணவி வீணாகிறாளே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

என் கடமையை நான் கேண்டீனில் செய்தேன். பெஞ்சில் குப்புறப் படுப்பேன். கன்னத்தை மேசையில் அழுத்துவேன். ஒரு மெதுவடையைச் சாண் உயரத்திலிருந்து தட்டில் விடுவேன். “பின்பக்கம் எகிறுது. உளுந்தக் கொஞ்சம் இறுக்கணும்” என்பேன். கேண்டீன் சிரித்து உருளும். முதல்முறை ஆக்சிலியாவும் சிரித்தாள். இரண்டாவது முறை வடையை எடுத்துத் தின்றுவிட்டாள். அதற்குப் பிறகு பரிசோதனைக்கு வடை வாங்க நான் முன்வரவில்லை. வடை இல்லாமலேயே நடித்தேன்.

இப்படி எல்லாரும் நன்றாக இருக்கும்போதுதான் போலகம் போட்டி வந்தது.

போலகத்தில் என் சித்தப்பா தெட்சிணாமூர்த்திக்கு நிலம் இருக்கிறது. வேலை மின்துறை அலுவலகத்தில், விவசாயம் ஞாயிற்றுக்கிழமையில். இந்த வருடம் மழை தப்பிப் பெய்ததில் அறுப்புக்கு முன்னால் உளுந்து தெளிக்கவில்லை. சம்பா அறுத்த வயல் வெறும் தாளோடு காய்ந்துகொண்டிருந்தது. நாகப்பட்டினம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர்க் கல்லூரிக்காரர்களை அழைத்து அங்கே ஒரு பந்தயம் வைத்தால் என்ன என்று நான்தான் கேட்டேன். வரப்பை மட்டும் உடைக்காமல் இருந்தால் கப்பலே ஓட்டிக்கொள் என்றார் சித்தப்பா. வரப்பை உடைக்கவில்லை. வரப்புகள்தான் காருக்குத் தாவுகிற மேடு. களத்தில் தொடங்கி, வயலுக்குள் இறங்கி, வரப்பு தாண்டி, வாய்க்கால் ஓரமாக வளைந்து மறுபடி களத்துக்கு வருகிற மாதிரி பாதை போட்டோம்.

போட்டியின் விதி எளிது. ஒவ்வொரு அணிக்கும் ஒரு ஓட்டுநர். அவன் டிராக்டர் டிரெய்லரின் மேல், சாமியானா நிழலில், ரிமோட்டோடு நிற்பான். ஒவ்வொரு அணிக்கும் ஒரு நிமிர்த்துநர். அவன் வயலுக்குள், வெயிலில், தலையில் துண்டோடு நிற்பான். தன் அணியின் கார் கவிழ்ந்தால் ஓடிப்போய் நிமிர்த்திவிட வேண்டும். ஓட்டுநரை ஊர் பார்க்கும். நிமிர்த்துநரை ஓட்டுநர் மட்டும் பார்ப்பான், அதுவும் திட்டுவதற்கு.

டிரெய்லரின் மேல் நான் நிற்கப் போகிறேன் என்று சித்தப்பா போலகம் முழுக்கச் சொல்லிவிட்டார். என் அம்மா வருகிறாள், பெரியம்மா சௌந்தரவல்லி வருகிறாள், பெரியம்மா வீட்டு மாடியில் குடியிருப்பவர்களும் வருகிறார்கள். அம்மா எனக்குப் புதுச்சட்டை எடுத்துவிட்டாள். வெளிர்நீலம். நிழலில் நிற்பவன் போடுகிற நிறம்.

அப்போதுதான் ஆக்சிலியா ஒரு தேர்வு வைத்தாள். போன வருடம் கும்பகோணத்தில் நான் இரண்டாவது சுற்றிலேயே கவிழ்த்தேன். அந்த ஊர் மண் சரியில்லை என்று அன்றைக்கே விளக்கிவிட்டேன். இருந்தாலும், போட்டிக்கு முந்தின ஞாயிறு போலகத்துப் பாதையில் நானும் சாதிக்கும் ஆளுக்கு ஐந்து சுற்று ஓட்ட வேண்டும், குறைவாகக் கவிழ்க்கிறவன் டிரெய்லரில் ஏறட்டும், மற்றவன் வயலில் இறங்கட்டும் என்றாள். பெருந்தன்மையோடு சம்மதித்தேன். சாதிக் சரிக்கா என்றான். அந்தச் சரிக்காவில் ஒரு பயமும் இல்லாததை நான் கவனித்தேன்.

தினமும் சாயங்காலம் கடற்கரையில் பயிற்சி எடுத்தேன். கார் மணல்மேட்டில் ஏறிப் பறந்து பஞ்சுமெத்தையில் விழுவது போல விழுந்தது. எகிறல் இல்லை, பிடிப்பு இல்லை. சுண்டல் விற்கிறவர் கைதட்டினார். வீடியோ எடுத்து ஆக்சிலியாவுக்கு அனுப்பினேன். “மணலே பாதி ஷாக்கு. அங்க எந்தத் தப்பும் தெரியாது. போலகத்துல ஓட்டு” என்று பதில் வந்தது. கைதட்டினதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஒரு வாரம் ஓட்டியதும் மணல் புகுந்து முன்ஷாக் ஒன்று கசிந்தது. அதற்கான சிலிக்கான் எண்ணெயை ஆக்சிலியா ஆன்லைனில் வரவழைத்தாள். தேர்வு நாளுக்குள் வந்துவிடும், அதுவரை காரைத் தொடாதே என்றாள். தொடவில்லை, மணல் போகத் துடைத்து வைக்கிறேன் என்று வீட்டுக்கு எடுத்துப் போனேன். ஓட்டுநர் ஒருவன் நாட்கணக்கில் ஓட்டாமல் இருந்தால் கை என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. அவள் கையை நம்புகிறவள் இல்லை.

எண்ணெய்தான் வேண்டுமென்றால் காரைக்கால்மேடு எதற்கு இருக்கிறது. அங்கே அன்பழகன் அண்ணன் படகு இன்ஜின் வேலை பார்க்கிறார். எங்கள் தெருவில் பெண் எடுத்தவர். காரைக்கால்மேட்டில் படகு இன்ஜினுக்கு ஊற்றுகிற எண்ணெய் படகோடு நிற்பதில்லை. சைக்கிள் செயினுக்கு அதுதான், கதவுக் கீலுக்கு அதுதான், தையல் மெஷினுக்கு அதுதான். யாரோ முழங்காலுக்குத் தடவி நடந்ததாகவும் கேள்வி. அன்பழகன் அண்ணன் என் காரைக் கையில் வாங்கி, கவிழ்த்துப் பார்த்து, எத்தனை குதிரைசக்தி என்று கேட்டார். பேட்டரிதான் அண்ணே என்றேன். அதற்காக அவர் என்னைத் தாழ்வாக நினைக்கவில்லை.

“பேட்டரின்னு எண்ணெய்க்குத் தெரியுமா தம்பி. தேயிற எடத்துல ஊத்துனா தேயாது” என்றார்.

படித்தவன், படிக்காதவன் யார் சொன்னாலும் என் கருத்தோடு ஒத்துப்போவதை நான் ஏற்றுக்கொள்வேன். நாலு ஷாக்கையும் திறந்து, இருந்த எண்ணெயைக் கொட்டிவிட்டு, படகு எண்ணெயை நிரப்பினேன். அன்றைக்கும் மறுநாளும் மணலில் ஓட்டினேன். விழுந்தது, எழுந்தது, ஓடியது. முன்னைவிடக் கொஞ்சம் கம்பீரமாக விழுந்தது போலவும் தெரிந்தது. ஆன்லைனில் எண்ணெய் வரவழைக்கிறவர்களை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை போலகம் போனோம். சித்தப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

வயலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த வருடம் ஈரத்தோடு அறுத்தார்கள். அதனால் டயருக்குப் பதில் பெல்ட்டில் நகர்கிற அறுப்பு மெஷின் இறங்கியிருந்தது. பெல்ட் மெஷின் சேற்றில் போனால் அதன் தடம் பாய் பின்னின மாதிரி வரிவரியாகப் பதியும். அது காய்ந்தால் கல். நம்முடைய பாதையில் நேராகப் போகிற பகுதி முழுக்க அந்தத் தடம்தான். அதைத் தாண்டினதும் வரப்பு.

முதலில் நான். களத்திலிருந்து கார் அம்பு மாதிரி போனது. தடத்தில் ஏறினதும் ஜுரம் வந்ததைப் போல நடுங்கியது. வரப்பில் ஏறிப் பறந்தது. அதுவரை குறையில்லை. தரையில் விழுந்து முன்பக்கம் அமுங்கியது. அமுங்கினது எழவில்லை. தலையைத் தரையில் வைத்தபடி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, கொஞ்ச தூரம் உழுதுவிட்டுக் கவிழ்ந்தது.

“வண்டி என்னடா நமஸ்காரம் பண்ணுது” என்றார் சித்தப்பா.

சாதிக் ஓடிப்போய் நிமிர்த்தினான். அடுத்த சுற்றிலும் நமஸ்காரம். அதற்கடுத்த சுற்றில் தடத்திலேயே கவிழ்ந்தது. சாதிக் ஒவ்வொரு முறையும் ஓடினான், ஒவ்வொரு முறையும் காரை இரண்டு கையாலும் மரியாதையாக எடுத்து வைத்தான். ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, இந்த மண்ணில் உப்பு அதிகம் என்றேன்.

ஆக்சிலியா காரை எடுத்தாள். உள்ளங்கையால் முன்பக்கத்தை அமுக்கினாள். அமுங்கியது. கையை எடுத்தாள். அமுங்கியே இருந்தது. மோட்டார் கொட்டகை நிழலுக்குப் போய் ஒரு ஷாக்கைக் கழற்றி, மூடியைத் திருகித் திறந்து, மூக்கருகே கொண்டுபோனாள்.

“காரைக்கால்மேட்டு வாடை வருது” என்றாள்.

நான் காற்று அந்தப் பக்கமிருந்து அடிப்பதாகச் சொன்னேன்.

அவள் ஷாக்குக்குள்ளிருந்து ஒரு சின்ன ரப்பர் வளையத்தை ஊசியால் நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். புதுவளையம் ஒன்றைப் பையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். பழையது பருத்து, ஊறின கொண்டைக்கடலை மாதிரி இருந்தது. “இந்த ரப்பருக்குப் பெட்ரோல் சாதி எண்ணெயே ஆவாதுடா. ஊதிப்போயி கம்பியப் புடிச்சிக்கும். மணல்ல விழுறப்ப தெரிஞ்சிருக்காது” என்றாள். அவ்வளவுதான். கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவள் முகத்தில், ஒரு குளிர்சாதனப் பெட்டி ஏன் குளிரவில்லை என்று கண்டுபிடித்துவிட்ட குடும்பத்தின் நிம்மதிதான் இருந்தது.

எண்ணெய் முந்தினநாளே வந்திருந்தது. நாலு ஷாக்குக்கும் வளையம் மாற்றி, எண்ணெய் ஊற்றி, குமிழி மேலே வந்து அடங்கும்வரை காத்திருந்து மூடினாள். பிறகு களத்துக்கு வந்தாள். துப்பட்டாவை இடுப்பில் முடிந்தாள். குப்புறப் படுத்து, கன்னத்தைக் களத்தில் வைத்தாள். சித்தப்பா பதறி எழுந்து, பிள்ளைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டது, யாராவது போய்ச் சோடா வாங்கி வாருங்கள் என்றார். வாங்கி வந்த சோடாவை நான் குடித்தேன்.

சாயங்காலம் மறுபடி தேர்வு. முதலில் நான்.

இந்த முறை கார் எப்படிப் போனது என்று சொல்வது எனக்கு உசிதமில்லை. இருந்தாலும் சொல்கிறேன். பெல்ட் தடத்தில் சக்கரங்கள் மட்டும் ஓயாமல் ஏறி இறங்கின. மேலே காரின் உடம்பு தண்ணீரில் போகிற மாதிரி போனது. வரப்பில் பறந்து, விழுந்து, ஒருதடவை அமுங்கி, நிமிர்ந்து, ஓடியது. சித்தப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மூன்று சுற்று அப்படிப் போனது. நாலாவது சுற்றில், இவ்வளவு நன்றாகப் போகிற காரை இன்னும் வேகமாக விட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. வாய்க்கால் வளைவில் கவிழ்ந்தது. ஐந்தாவதிலும் அதே எண்ணம் வந்தது, அதே வளைவில் கவிழ்ந்தது.

சாதிக் ஓட்டினான். மாட்டைத் தண்ணீர் காட்ட ஓட்டிப் போகிறவன் மாதிரி, ஒரு அவசரமும் இல்லாமல் ஓட்டினான். வளைவு வந்தால் வேகத்தைக் குறைத்தான். இது எனக்குத் தோன்றாத உத்தி. ஐந்து சுற்றும் கவிழவில்லை.

கைதான் முக்கியம் என்ற என் கண்டுபிடிப்பு அன்றைக்கு, சித்தப்பா முன்னிலையில், ஐயமில்லாமல் நிரூபிக்கப்பட்டது. யாருடைய கை என்று நான் கண்டுபிடிப்பில் குறிப்பிட்டிருக்கவில்லை.

திரும்புவதற்குச் சாமான்களைக் கட்டும்போது சாதிக் என் பக்கத்தில் வந்து நின்றான். ஆக்சிலியா கொஞ்சம் தள்ளி, காது கேட்காதவள் போலக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, நீங்களே ஓட்டுங்க. வீட்டுலேருந்து எல்லாரும் வர்றாங்கல்ல. நான் கீழ நின்னுக்குறேன். எனக்கு ஒண்ணும் இல்ல” என்றான்.

உண்மையாகவே சொன்னான். ரிமோட் என் கையில்தான் இருந்தது. கொடுக்காமல் விட்டிருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். டிரெய்லர், சாமியானா, வெளிர்நீலச் சட்டை, எல்லாம் ஒரு நொடி கண்ணில் வந்து நின்றன. ஆக்சிலியா கயிற்றைச் சுற்றி முடித்துவிட்டு அவிழ்த்து மறுபடி சுற்றினாள்.

“புடிடா. வெக்கையில கை வேர்த்து வழுக்கும், சின்னதா ஒரு துண்டு வச்சிக்க” என்றேன்.

சாதிக் ரிமோட்டை வாங்கிக்கொண்டான். வழியெல்லாம் பைக்கில் பின்னால் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தான்.

போட்டியன்று போலகத்தில் கூட்டம் தேர் பார்க்க வந்த மாதிரி வந்திருந்தது. நான் வெளிர்நீலச் சட்டையோடு வயலுக்குள் நின்றேன். டிரெய்லரில் வேறு யாரோ நிற்பதைப் பார்த்துப் பெரியம்மா சௌந்தரவல்லி விளக்கம் கேட்டாள். நம் கார்முகில்தான் ஃபீல்டு இன்சார்ஜ், அவன் இல்லாமல் ஒரு வண்டியும் நகராது என்று சித்தப்பா சொன்னார். சொல்லப்போனால் அது பொய்யில்லை. அம்மா எனக்குக் குடை கொடுத்தனுப்பினாள். ஃபீல்டு இன்சார்ஜ் குடை பிடிக்கக் கூடாது என்று திருப்பி அனுப்பினேன்.

காலைச் சுற்றுகள் நன்றாகப் போயின. பனி ஈரத்தில் மண் கொஞ்சம் இளகியிருந்தது. எண்ணெயும் குளிர்ச்சியாக இருந்தது. நான் ஒருதடவைகூட ஓட வேண்டியிருக்கவில்லை. தஞ்சாவூர் நிமிர்த்துநர் என்னைப் பொறாமையோடு பார்த்தார். அந்தப் புள்ளிகளிலேயே, சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கிற இறுதிப் பந்தயத்தில் எங்கள் காருக்கு இடம் உறுதியாகிவிட்டது.

வெயில் ஏறினதும் கதை மாறியது. சாப்பாட்டுக்கு முன்னால் நடந்த கடைசிச் சுற்றில் கார் வரப்பு தாண்டி விழுந்த இடத்திலெல்லாம் பின்பக்கம் எகிறியது. சாதிக் எவ்வளவு மெதுவாக விட்டும் மூன்று தடவை கவிழ்ந்தது. மூன்று தடவையும் நான் பெல்ட் தடத்தின் மேல் ஓடினேன். அதன் மேல் ஓடிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஒருதடவை நானே கவிழ்ந்தேன். என்னை நிமிர்த்த விதியில் ஏற்பாடு இல்லை.

சாதிக் இறங்கி வந்தான்.

“அண்ணே, பின்னாடி எகிறுது. அக்கா சுத்து எண்ணுற மேசையில மாட்டிக்கிட்டாங்க. மத்தியானக் கணக்கு முடியிற வரைக்கும் எந்திரிக்க முடியாதாம்” என்றான்.

எகிறுவது அவன் மனசுதான் என்றேன். சஸ்பென்ஷன் என்று ஒன்று கிடையாது, இறுதிப் பந்தயம் என்றதும் பயம் வந்துவிட்டது, போய் நன்றாகச் சாப்பிடு என்றேன். அவன் சரிண்ணே என்று காரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

எல்லாரும் பந்தல் பக்கம் போய்விட்டார்கள். தக்காளி சாதமும் முட்டையும். வாசனை வயல்வரை வந்தது. நான் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் களத்தில் காரோடு நின்றேன். கொட்டகைக்கு இந்தப் பக்கம் மனித நடமாட்டம் இல்லை. வாய்க்காலில் இரண்டு கொக்குகள் நின்றன. அவை எங்கள் கல்லூரியைச் சேர்ந்தவை அல்ல.

நியாயமாக யோசித்துப் பார்த்தேன். கவிழ்ந்தால் ஓட வேண்டியது நான். டிரெய்லரில் நிற்கிறவனுக்குக் கட்டைவிரல் மட்டும்தான் வலிக்கும். ஆகவே கார் கவிழாமல் இருப்பதில் இந்த உலகத்தில் யாரைவிடவும் அக்கறை இருக்க வேண்டியவன் நிமிர்த்துநர். இதில் சஸ்பென்ஷனுக்கு ஒரு வேலையும் இல்லை.

நின்றபடியே காரைத் தூக்கி விட்டுப் பார்த்தேன். விழுந்தது. உட்கார்ந்து விட்டேன். விழுந்தது. விழுந்தது என்பதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

துண்டை விரித்தேன். முதலில் முழங்கால், அப்புறம் முழங்கை, அப்புறம் வயிறு. கன்னத்தைக் களத்தில் வைத்தேன். தரை சுட்டது. வைக்கோல் வாசம் அடித்தது. ஒரு எறும்பு மிக அருகில், பெரிதாகப் போனது. காரைக் கணுக்கால் உயரத்துக்குத் தூக்கி விட்டேன்.

அங்கிருந்து பார்த்தால் அது வேறு கார். முன்பக்கம் அமுங்கி நிமிர்ந்து நின்றுவிட்டது. பின்பக்கம் அமுங்கி, நிமிர்ந்து, நின்ற பிறகு, யாரோ கேட்ட கேள்விக்கு மறுபடி பதில் சொல்கிற மாதிரி இன்னொரு தடவை எகிறியது. வெயிலில் எண்ணெய் நீர்த்துப் போயிருந்தது. இத்தனை நாள் இது என் கண் முன்னால்தான் நடந்திருக்கிறது, இரண்டு முழம் கீழே.

ஆக்சிலியாவின் பெட்டியில் கொஞ்சம் கெட்டியான எண்ணெய் இருந்தது. பின்ஷாக்குகள் இரண்டையும் கழற்றினேன். பழையதைக் கொட்டி, புதியதை ஊற்றி, குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை அவசரப்படுவதில்லை. அவசரப்படுத்தலாமா என்று தட்டிப் பார்த்தேன்; புதிதாக இரண்டு வந்தன. தட்டுவதை நிறுத்தினேன். கடைசிக் குமிழியும் உடைந்ததும் மூடிப் பூட்டி, மறுபடி படுத்தேன்.

தூக்கினேன், விட்டேன், பார்த்தேன். எகிறல் பாதியாகியிருந்தது. இன்னொரு தடவை விட்டேன். இடதுபக்கம் நின்றுவிட்டது, வலதுபக்கம் மட்டும் ஒரு மயிரிழை எழுந்து அடங்கியது. வலது ஷாக்கில் இன்னும் ஒரு குமிழி மிச்சமிருக்க வேண்டும். திறந்தேன். இருந்தது.

பந்தலிலிருந்து அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். சாதம் தீர்ந்துவிடும் என்றாள். வருகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தால் மண் போகிறது. கையை மட்டும் ஆட்டினேன். மூடியைத் திருகினேன், கன்னத்தைத் தரையில் சரியாக வைத்துக்கொண்டு, காரை மறுபடி தூக்கினேன்.